டிடிஆர்5-க்கு மாறுவதற்கு முன் காலி ஸ்லாட்டைப் பாருங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: "திருமண ஆல்பம் வடிவமைக்கும் தொழில் செய்கிறேன். இன்டெல் ஐ5-12400 பிராசஸர், டிடிஆர்4 ரகப் பி660 மதர்போர்டு, 8 ஜிபி 3200 ரேம் ஒன்று. ஃபோட்டோஷாப்பில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே கணினி திணறுகிறது. ரேமை மட்டும் டிடிஆர்5-க்கு மாற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள்; 3200 போன்ற எண் அதன் வேகம். முதல் காரணம், டிடிஆர்5 உங்கள் போர்டில் நுழையவே நுழையாது. இரண்டு வகை ரேமுக்கும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மின்சாரத்தைச் சீராக்கும் சிப்பும் டிடிஆர்5-இல் ரேமிலேயே இருக்கிறது. டிடிஆர்4-இல் அது மதர்போர்டின் வேலை. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் இரண்டு வகையையும் ஏற்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பிராசஸர் ஏற்றாலும் போர்டும் ஏற்க வேண்டுமே! ஆக, போர்டு, ரேம் இரண்டையும் புதிதாக வாங்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

அவ்வளவு செலவழித்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. 8 ஜிபியில் விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் போக ஃபோட்டோஷாப்புக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரம் டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால், இடம் போதாமல் வேலை எஸ்எஸ்டிக்குத் தள்ளப்படுகிறது என்று பொருள். அங்கே தேவைப்படுவது கூடுதல் ஜிபி. 8 ஜிபி டிடிஆர்5 போட்டாலும் இதே திணறல்தான்.

இன்னொரு குறை, ஒற்றை ரேம். டிடிஆர்4 3200 ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு போட்டு டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் ஓட்டினால் 51.2 ஜிபி. டிடிஆர்5 4800 ஒன்று மட்டும் போட்டால் கிடைப்பதோ 38.4 ஜிபி. உங்கள் பழைய ரகத்திலேயே ஜோடியாகப் போட்டால், ஒற்றை டிடிஆர்5-ஐ அது முந்திவிடும். "டிடிஆர்5-இல் ஒரே ரேமுக்குள் இரண்டு சேனல் இருக்கிறது" என்றும் சொல்வார்கள். 64 பிட் அகலம் இரண்டு 32 பிட்டாகப் பிரிந்திருப்பது உண்மை. மொத்த அகலம் கூடவில்லை.

கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ரேமில் அச்சிட்டிருக்கும் சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 10. டிடிஆர்5 6000 சிஎல்30 என்றாலும் 10. ஆரம்ப ரக டிடிஆர்5 4800 சிஎல்40 என்றால் 16.7! புதிய தரம் என்பதற்காக எல்லாமே சுறுசுறுப்பாகிவிடுவதில்லை.

அப்படியானால் டிடிஆர்5 யாருக்கு? புதுக் கணினி வாங்குகிறவர்களுக்குத் தயக்கமே வேண்டாம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டும் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) இன்டெலின் கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையும் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 8600ஜி போன்ற பிராசஸரில் கேம் ஆடுகிறவர்களுக்குப் பலன் கண்கூடாகத் தெரியும். உள்கட்டமைந்த கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்குபோடுகிறது. ஏஎம்5-இல் நான்கு ரேம் போடுவதைத் தவிர்த்து இரண்டோடு நிறுத்துங்கள். ரைசன் 7000-க்கு நான்கு ரேமில் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே.

உங்களுக்கு என் பரிந்துரை 16 ஜிபி ரேம் இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது. ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025 பிற்பாதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, டிடிஆர்4-உம் தப்பவில்லை. கையில் பணம் இடிக்கிறதென்றால் இப்போதுள்ளதோடு காலி ஸ்லாட்டில் 8 ஜிபி 3200 ஒன்றைச் சேருங்கள். 16 ஜிபி ஆகும், டூயல் சேனலும் கிடைக்கும். பழைய ரேம் வாங்கவும் அஞ்ச வேண்டாம், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பிழை இல்லையென்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரேமுக்கு நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துங்கள். பிறகு கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில், ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். அதை விட்டுவிட்டால் சில ரேம்கள் 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் 3200 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஃபோட்டோஷாப்பின் 'பெர்ஃபார்மன்ஸ்' அமைப்பில் அதற்கான ரேம் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை வையுங்கள்.