மூரியா நத்தையும் வான்கூவர் மர்மோட்டும்: கேள்வி பதில்

கேள்வி: சார், பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவின் பார்ட்டுலா டோஹிவியானா நத்தை, கனடாவின் வான்கூவர் தீவு மர்மோட், இரண்டில் எதன் நிலைமை மோசம்?

பதில்: அழியும் உயிரினங்களைத் தரம்பிரிக்கும் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஒரே படியில்தான், அழிவின் விளிம்பில். ஆனால் நத்தை, ‘காட்டில் அற்றுப்போனது’ என்ற கீழ்ப்படியிலிருந்து அந்தப் படிக்கு ஏறி வந்தது. பயிரை மேய்ந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1977-ல் மூரியாவில், மற்ற நத்தைகளைத் தின்னும் ஓநாய் நத்தையை இறக்கினார்கள். அது சளித்தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், விரல்நகம் அளவுள்ள பார்ட்டுலாக்களைத் தின்றது. பத்தே ஆண்டில் காடு காலி. பார்ட்டுலா ஒவ்வொரு குட்டியாகத்தான் போடும். இழப்பை எங்கே ஈடுகட்டுவது? மிருகக்காட்சி சாலைப் பெட்டிகளில்தான் வம்சம் தப்பியது. 2015 முதல் தீவுகளில் திரும்ப விடுகிறார்கள், ஓட்டில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்து. 2024-ல் பொட்டில்லாத பெரிய நத்தைகள் கிடைத்தன. அதாவது, காட்டிலேயே பிறந்தவை.

கேள்வி: தோட்டத்து நத்தைகளுக்கு ஓநாய் நத்தை விடலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: மர்மோட் பெருச்சாளி இனமா?

பதில்: அணில் குடும்பம். ஏழு கிலோ வரை வளரும், வருடத்தில் ஏழு மாதம் தூங்கும். மரம் வெட்டிய சரிவுகளைப் புல்வெளி என்று நம்பிக் குடியேறி ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும் இரையானது. 2003-ல் காட்டில் 30 கூட இல்லை.

கேள்வி: எலி வகையறாதானே நத்தையைத் தின்கிறது? இரண்டையும் காப்பாற்றுவது முரண் இல்லையா?

பதில்: ஹவாய் மர நத்தைகளைத் தின்றது கப்பலில் வந்த எலி. மர்மோட் புல்லும் பூவும் தின்பது. பல் ஒரே மாதிரி என்பதற்காகக் குற்றமும் ஒன்றா?

கேள்வி: நத்தைக்குப் போய் இத்தனை செலவா? மர்மோட்டாவது பார்க்க அழகு.

பதில்: அழகுக்கு மார்க் போடுவதாக இருந்தால் பாதி உயிரினங்கள் ஃபெயில். பார்ட்டுலா டர்ஜிடா என்ற இன்னொரு இனத்தின் கடைசி நத்தை 1996-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஒட்டுண்ணித் தொற்றில் செத்தது. அத்தோடு அந்த இனமே முடிந்தது. ஒரே கூரையின்கீழ் வைத்தால் இதுதான் கதி. செலவே அதைத் தவிர்க்கத்தான்.

கேள்வி: ஓநாய் நத்தை வேறு பூச்சியையாவது...

பதில்: ஐயா, மேலே படியுங்கள். ஒன்றை ஒழிக்க இன்னொன்றை இறக்காதீர்கள்.

கேள்வி: கூண்டில் பிறந்த மர்மோட் காட்டில் பிழைக்குமா?

பதில்: நேராகக் கொண்டுபோய் விட்டால் சிரமம். முதலில் அதே தீவிலுள்ள வாஷிங்டன் மலையில் விட்டு ஒரு குளிர்காலம் பழக்கி, அப்புறம் ஸ்ட்ராத்கோனா பூங்காவுக்கு மாற்றினார்கள். அப்படிப் போனவை கூடுதலாகப் பிழைத்தன.