ஆடு குட்டி வீசினால் மருமகளுக்கு ஆபத்தா?

கேள்வி: எங்கள் சினையாடுகள் இரண்டு அடுத்தடுத்துக் கருச்சிதைந்து குட்டி வீசிவிட்டன. மீன் கழுவும் இடத்தில் எந்நேரமும் பூனைகள் உண்டு. மூன்று மாதக் கர்ப்பிணியான மருமகளின் ரத்தப் பரிசோதனையில் ‘டாக்சோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்’ என்று வந்துள்ளது. குழந்தைக்கு ஆபத்தா? – வாசகர், தொண்டி

பதில்: பயப்பட வேண்டாம். பூனை வழியாகப் பரவும் இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத்தான் இப்பரிசோதனை காட்டுகிறது. தொற்றியவுடன் முதலில் தலைகாட்டுவது ஐஜிஎம். ஓரிரு வாரம் பிந்தி வரும் ஐஜிஜி ஆயுள் முழுதும் தங்கும். ஆகவே உங்கள் மருமகளுக்கு வந்தது பழைய தொற்று. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றாத தாயிடமிருந்து அது கருவுக்குச் செல்வது மிக அரிது. ஐஜிஎம் பாசிட்டிவ் என வந்திருந்தாலும் உடனே முடிவுகட்ட இயலாது. சிலருக்கு அது ஓராண்டுக்கு மேலும் நீடிப்பதால், தொற்று பழையதா புதியதா என்றறிய, ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதை அளக்கும் ‘அவிடிட்டி’ பரிசோதனையையும் மருத்துவர் கேட்பார்.

ஆடுகளின் கதை வேறு. தாயாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, அது என்றோ ஒருநாள் தொற்றுக்கு ஆளானது என்பதை மட்டுமே சொல்லும். குட்டி வீசியதற்கு அதுவே காரணம் என்று ஆகாது. வீசிய குட்டியின் உடல்திரவத்தில் எதிர்ப்பொருள் இருந்தால்தான் வலுவான சான்று. ஏனெனில் ஆட்டின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. பிறந்தபின் சீம்பாலில்தான் குட்டி அதைப் பெறுகிறது. சீம்பால் குடிக்காத குட்டியிடம் இருப்பது அதன் சொந்தச் சரக்கு! மனிதரிலோ தாயின் ஐஜிஜி கருவிலேயே குழந்தைக்குச் சென்றுவிடுகிறது. பேரக்குழந்தைக்கு நாளை ஐஜிஜி பாசிட்டிவ் என வந்தாலும் அது தாயுடையதாகவே இருக்கக்கூடும், ஓராண்டுக்குள் மறைந்துவிடும்.

இன்னோர் ஆடு வீசினால் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கையுறையுடன் எடுத்து, மீனுக்கு வாங்கும் ஐஸில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய புருசெல்லா என்னும் பாக்டீரியாவும் குட்டி வீச்சுக்குக் காரணமாகலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது டாக்சோபிளாஸ்மாவைவிட இதுதான். முடிவு வரும்வரை ஆட்டுப்பாலை நன்கு காய்ச்சியே குடியுங்கள். மருமகளை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் அனுப்பாதீர்கள்.