விமானப்படையின் பழைய விமானங்கள் பறப்பதை இலவசமாக ரசிக்க எப்படித் தயாராவது?

விமானப்படை நாளையொட்டிய சாகசம் ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கிறது: 2022இல் சண்டிகர், 2023இல் பிரயாக்ராஜ், 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினா. மெரினாவில் கட்டணமில்லாமலே டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்தையும் ஹார்வர்டு என்ற பழைய பயிற்சி விமானத்தையும் வானில் பார்க்க முடிந்தது.

ரஃபேல் போர் விமானத்துக்காகக் காத்திருப்பவர்கள் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. ஹார்வர்டு வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் முன்புற விசிறி (ப்ரொப்பெல்லர்) பல்சக்கரம் இல்லாமல் நேராக எஞ்சினோடு இணைந்தது. முழு வேகத்தில் விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால்தான் அந்தக் கிழிக்கும் சத்தம். டகோட்டாவுக்கு 14 சிலிண்டர் எஞ்சின் இரண்டு, அடித்தொண்டை உறுமல். 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைகளை இறக்கிய ரகம் அது.

படமெடுக்க ஷட்டரை 1/125 முதல் 1/200 நொடிக்குள் வைத்து, விமானத்தோடு கேமராவையும் நகர்த்துங்கள். 1/1000 வைத்தால் விசிறி நின்றுபோன மாதிரி விழும்.

வெயிலை லேசாக எண்ணாதீர்கள். மெரினாவில் அன்று உயிரிழப்பே நேர்ந்தது. தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கட்டாயம். முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு ஓடாமல், நிழலில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.