தலைவலியே இல்லை, பிபி மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் குழந்தை, 29 வாரம் ஆகிறது. லாஸ்பேட்டையில் இருக்கிறோம். போன வாரம் செக்கப்பில் பிபி 146/94 என்றார்கள். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் 144/92. யூரினில் உப்பு ஒரு பிளஸ். லெபெட்டலால் மாத்திரை காலை, இரவு போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை. உப்பைக் குறைத்து பார்லி தண்ணீர் குடித்தால் போதும் என்கிறார் மாமியார். அடுத்த வாரம் வளைகாப்பு. முடிந்ததும் குறிஞ்சிப்பாடி பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். மாத்திரை அவசியம்தானா?

பதில்: மாத்திரையை இன்று இரவும் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ரத்தக்கொதிப்பு ஏறினால் தலை வலிக்கும், கண் இருட்டும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். உங்கள் அளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 150-ஐத் தாண்டிய பிறகும் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு செக்கப்புக்கு வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். உடம்பு சொல்வதற்கு முன்னால் மெஷின் சொல்லிவிட்டது. அது உங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 அல்லது அதற்கு மேல் போய், யூரினில் ஆல்புமினும் (நீங்கள் சொன்ன ‘உப்பு’) இறங்கினால் அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. வேர் இருப்பது நஞ்சில், அதாவது குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியில் (பிளாசென்டா). கருப்பையிலிருந்து நஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஆரம்ப மாதங்களிலேயே நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சு சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது, அவை உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரகம், கல்லீரல், மூளை, கண் எதையும் அது விடுவதில்லை. மாத்திரை இந்த நோயைத் தீர்க்காது. பிபி எகிறி மூளையில் ரத்தக்கசிவு வராமல் காக்கும். நோய் தீருவது பிரசவத்துக்குப் பிறகுதான். அதனால்தான் பிபி கட்டுக்குள் இருந்தாலும் பிளேட்லெட், கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, குழந்தையின் வளர்ச்சிக்கு ஸ்கேன் என்று திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள். உங்களுக்கு ஆஸ்துமா, வீசிங் இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். லெபெட்டலாலுக்குப் பதில் வேறு மாத்திரை தருவார்.

அப்புறம் அந்த உப்பு. நம் ஊரில் ஆல்புமினைத்தான் உப்பு என்கிறோம், அதில்தான் குழப்பமே. அது ஒரு புரதம். முன்பெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா யூரினைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேல் பகுதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெண்மையாகத் திரளும். அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டும் கலங்கல் தெளியாவிட்டால் ஆல்புமின். சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டு இந்த நோயைத் தடுக்க முடியாது. கருவாடு, ஊறுகாயை அளவோடு வைத்துக்கொண்டு, மற்றபடி வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். பார்லி தண்ணீரில் கெடுதல் இல்லை, ஆனால் அது மருந்தாகாது. மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

எனக்கு அதிகம் பயம் தருவது நெஞ்சுக்குழி வலி. ஒரு மழைக்கால விடியலில் 33 வாரப் பெண் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கணவர் கையில் பாதி காலியான இளஞ்சிவப்பு கேஸ் மருந்து பாட்டில். ராத்திரி பத்து மணியிலிருந்து மேல் வயிற்றில் வலி, வாந்தி. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பிபி 170/116. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, 48 ஆயிரம். கல்லீரல் வீங்கியதால் வந்த வலி அது. இந்த நோய் முற்றி, கல்லீரல் கெட்டு, பிளேட்லெட் குறையும் இந்த நிலையை ஹெல்ப் சிண்ட்ரோம் என்போம். அன்றே ஆபரேஷன் செய்து தாயையும் குழந்தையையும் காப்பாற்றினோம். ஆனாலும் அந்த ஏழு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

ஆகவே விலாவுக்குக் கீழே வலது பக்கமோ, நெஞ்சுக்குழியிலோ வலி வந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, மூச்சுத் திணறல், யூரின் குறைவது, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது எல்லாவற்றுக்கும் இதேதான். காலில் நீர் போடுவது பல கர்ப்பிணிகளுக்கும் சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்குவதுதான் வேறு கதை. வளைகாப்பு அன்று சுலபமாக ஏறிய வளையல் நாலு நாளில் கையைப் பிடித்தால், மோதிரம் கழலாவிட்டால், அன்றே பிபி பாருங்கள்.

பழைய ஆட்கள் ஜன்னி என்பார்களே, கர்ப்பகால வலிப்பு, அது இந்த நோயின் உச்சம். வந்துவிட்டால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். கையில் சாவிக்கொத்து, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். மெக்னீசியம் சல்பேட் ஊசிதான் மருந்து. வலிப்பு வராமல் தடுக்கவும் அதையே போடுகிறோம். ஆபத்து பாதியாகக் குறைகிறது என்று 2002-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

வீட்டில் மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பிபி மெஷின் ஒன்று வாங்கி, ஒருமுறை டாக்டரின் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். யூரின் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 தொட்டால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அந்த நேரமே கிளம்பிவிடுங்கள்.

வளைகாப்பை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுக்கு மட்டும் இப்போது போகாதீர்கள். 34 வாரத்துக்கு முன்பே தொடங்கும் இந்த நோய் வேகமாக முற்றலாம். எப்போது வேண்டுமானாலும் குழந்தையை எடுக்க வேண்டி வரலாம், நுரையீரல் முதிர ஊசி போட வேண்டி வரலாம், பச்சிளங்குழந்தை ஐசியு வேண்டும். லாஸ்பேட்டையிலிருந்து கோரிமேடு ஜிப்மரும், எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையும் சில கிலோமீட்டர்தான். குறிஞ்சிப்பாடியிலிருந்து நடு ராத்திரியில் கிளம்பினால் புதுச்சேரி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிபி மறுபடி ஏறலாம், வலிப்பு அப்போதும் வரலாம். ஆறு வாரம் வரை மெஷினைக் கூடவே வைத்திருங்கள். அடுத்த முறை கருத்தரித்தால் மூன்றாம் மாதம் முடிவதற்குள் டாக்டரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள். 12 வாரம் போல ஆரம்பிக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின், நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கும்.