பதில்: ஜெருசலேமில் துப்புத் துலக்கும் யூத மதகுரு, எந்த நாவல்?

நண்பரே, அமெரிக்க யூத மதகுரு ஒருவர் விடுப்பில் ஜெருசலேம் போய், அங்கே ஒரு குண்டுவெடிப்புக் கொலையில் துப்புத் துலக்கும் கதை, தலைப்பில் கிழமை வரும் என்கிறீர்கள். அது ஹாரி கெமல்மன் 1972-ல் எழுதிய ‘மண்டே த ராபை டுக் ஆஃப்’. நாயகன் ராபை (யூத மதகுரு) டேவிட் ஸ்மால்.

ஆனால் இதிலிருந்து தொடங்காதீர்கள். 1964-ல் வந்த ‘ஃபிரைடே த ராபை ஸ்லெப்ட் லேட்’தான் இந்த வரிசையில் முதல் நாவல், துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கியது. கொலையான பெண்ணின் கைப்பை ராபையின் காரில் கிடக்கிறது, சந்தேகம் அவர் மேலேயே விழுகிறது. மாசசூசெட்ஸின் பார்னார்ட்ஸ் கிராஸிங் என்னும் கற்பனை ஊர்தான் களம். அங்கே அவர் வேலை யூத ஆலய நிர்வாகக் குழுவின் கையில். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்ற இழுபறி எனக்குக் கொலையை விடச் சுவாரசியம்! கத்தோலிக்கரான போலீஸ் தலைவர் லானிகனோடு அவர் மதம் பேசும் பக்கங்களையும் தாண்டிவிடாதீர்கள். யூத மதச் சட்ட விவாத நூலான தால்முத்தைப் படித்தவர் ஒரு வாதத்தை எப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாரோ, அப்படித்தான் சாட்சியங்களையும் பார்க்கிறார். இந்த ஊரும் சண்டையும் தெரிந்த பிறகு படித்தால்தான், அவர் ஏன் விடுப்பு எடுத்து ஓடுகிறார் என்பது புரியும்.

ஜெருசலேம் கதையில் துப்பறிதல் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும், 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிந்தைய நகர வாழ்க்கைக்கே அதிக இடம். அது பிடித்துப்போனால் 1987-ல் வந்த ‘ஒன் ஃபைன் டே த ராபை பாட் எ கிராஸ்’ நாவலையும் பாருங்கள். அதிலும் அவர் ஜெருசலேம் போகிறார்.