வாசகர் கேள்வி: போகித் தீயும் துல்லா பட்டியும்

கேள்வி (பெரம்பூர் வாசகி): போகி சமயத்தில் எங்கள் குடியிருப்பில் பஞ்சாபிக் குடும்பங்கள் லோஹ்ரி பண்டிகைத் தீ மூட்டி, துல்லா பட்டி என்பவரைப் பாடுகிறார்கள். யார் அவர்? ராஜபுத்திரர் என்கிறார் ஒருவர், ஜாட் என்ற உழவர் குலம் என்கிறார் மற்றவர். எது சரி?

பதில்: அக்பரின் வரிவசூலை எதிர்த்த முஸ்லிம் நிலக்கிழார் ராய் அப்துல்லா பட்டிதான் துல்லா பட்டி. பிண்டி பட்டியான் அவருடைய ஊர். இன்று பாகிஸ்தானின் ஹாபிசாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகப்பட்ட இந்துப் பெண்களை மீட்டு, தகப்பன் ஸ்தானத்தில் நின்று, காட்டில் தீ வளர்த்துக் கட்டிக்கொடுத்தார் என்பது கதை. பாட்டில் வரும் சீர்வரிசை ஒரு சேர் சர்க்கரைதான். அக்பர் காலச் சேர் முக்கால் கிலோகூட வராது.

லாகூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கல்லறை அங்கே மியானி சாஹிப் இடுகாட்டில் உள்ளது. 1599 என்று பலரும் எழுதும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். 1585 முதல் லாகூரில் தங்கியிருந்த அக்பர் 1598 கடைசியில் ஆக்ராவுக்குக் கிளம்பிவிட்டார். அக்பர் கண்முன்னே தூக்கு நடந்தது என்ற கதையும் அந்த ஆண்டும் ஒன்றாகப் பொருந்தாது.

குலத்துக்கு வருவோம். வாய்மொழிப் பாடல்கள் அவரை ராஜபுத்திரர் என்றே சொல்கின்றன. பட்டி குலத்தார் தங்களை ஜெய்சல்மேரை ஆண்ட பாட்டி (Bhati) என்ற ராஜபுத்திர அரச மரபோடு இணைத்துக்கொள்வார்கள். ஆனால் பட்டி என்ற குலப்பெயர் ஜாட்டுகளிடமும் உண்டு. பெயரை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. பஞ்சாபின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் பிரிட்டிஷ் அதிகாரி இபெட்சன் இதைத் தெளிவாகவே எழுதினார்: அங்கே ஜாட், ராஜபுத்திரர் வேறுபாடு பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை, அந்தஸ்தில் இருக்கிறது. விதவை மறுமணத்தை ஏற்ற குடும்பம் ஜாட்டாக இறங்கியது. அதை விலக்கிப் பெண்களைக் கோஷாவில் (திரைமறைவில்) வைத்தால் ராஜபுத்திரராக ஏற வழி இருந்தது. மதுரை வீரனைக் காசி ராஜாவின் பிள்ளை என்றும் அருந்ததியர் என்றும் நாம் வாதாடுகிறோமே, அதே வழக்குதான். எங்களைக் கேட்டால், பாடல் மரபுப்படி ராஜபுத்திரர் என்று சொல்லுங்கள். ரத்தவழிக்கு அது சாட்சி என்று சொல்லாதீர்கள்.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): போகித் தீயிலேயே லோஹ்ரியையும் சேர்த்து நடத்தலாமா?

பதில்: வேண்டாம். போகியில் பழசு எரிகிறது. லோஹ்ரித் தீயில் எள், வெல்லம், வேர்க்கடலை, சோளப்பொரி போட்டு, வலம் வந்து, மிச்சத்தை அங்கேயே பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். பாய், பிளாஸ்டிக், டயர் புகை அந்தத் தின்பண்டத்தில் படியக் கூடாது. காய்ந்த விறகை இடைவெளி விட்டுக் கூம்பாக அடுக்குங்கள். ஈர விறகும் நெருக்கி அடுக்கியதும்தான் புகையும். எள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள்; வெடித்துத் தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.