தங்கம் ஏறினால் கடனும் ஏற வேண்டுமா?

கேள்வி: ஆவணியில்தான் கூடுவாஞ்சேரி பக்கம் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். வீட்டுக் கடன் 42 லட்சம், 20 வருடம், 8% வட்டி. கணவருக்கு 78,000, தனியார் பள்ளியில் எனக்கு 24,000 சம்பளம். இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட 10 பவுன் 2023 தீபாவளியிலிருந்து வங்கியில் அடகில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் திருப்பி வைக்கிறோம். விலை ஏறுவதால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கிடைக்கிறது. புது வீட்டில் முதல் தீபாவளி என்று இந்த முறை 5.8 லட்சமாக வைத்தோம். இப்போது நாத்தனார் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ வாங்க 3 லட்சம் கேட்கிறார். "நகை மேல இன்னும் எடுக்கலாமே, இல்லாட்டி வீட்டு லோன்ல டாப்-அப் போடுங்க" என்கிறார். கணவருக்கு மறுக்கத் தெரியவில்லை. நகை போனாலும் போகட்டும் என்று மாதம் 2,000 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் சேர்க்கலாம் என்கிறார். கிரகப்பிரவேசத்துக்குக்கூட நான் கவரிங் செயின்தான் போட்டிருந்தேன். மழையில் துணி காயவில்லை என்று பீரோவில் துண்டு தேடியபோது, அடகுச் சீட்டுகள் இருந்த மஞ்சப் பை கையில் பட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பதில்: பட்ஜெட் போடுங்கள், செலவை எழுதுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தால் என்னைவிட நன்றாகவே எழுதுகிறீர்கள். வீட்டுக் கடனைப் பற்றியும் பயம் வேண்டாம். மாதம் சுமார் 35,100 ரூபாய் தவணை, ஒரு லட்சத்து இரண்டாயிரம் வருமானத்துக்குப் பாரம்தான். ஆனாலும் தாங்கக்கூடிய பாரம்.

தூக்கத்தைக் கெடுப்பது அந்த மஞ்சப் பைதான். அதிலிருக்கும் மூன்று சீட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2023 தீபாவளி சமயத்தில் பவுன் சுமார் 45,000 ரூபாய். நீங்கள் வாங்கியது 2.5 லட்சம். 2024 தீபாவளிக்குப் பவுன் 59,000-ஐத் தாண்டியது. அதே நகையை 3.6 லட்சத்துக்குத் திருப்பி வைத்தீர்கள். பழைய அசலும் ஒரு வருட வட்டி 25,000-மும் கழிந்து கைக்கு வந்தது 85,000. இந்த வருடம், அதாவது 2025 தீபாவளி வாரத்தில் பவுன் 95,000-க்கு மேல் போனது. 5.8 லட்சத்துக்கு வைத்தீர்கள். அசல் 3.6 லட்சம், வட்டி 36,000 போக 1.84 லட்சம் வந்தது.

இந்த இரண்டு வருடமும் கைக்காசிலிருந்து வட்டியாக ஒரு ரூபாய்கூட நீங்கள் கட்டவில்லை. கட்டியதாக ஒரு நினைப்பு மட்டும் இருக்கிறது. 61,000 ரூபாய் வட்டி முழுதும் புதுக் கடனுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. தங்கம் ஏறிக்கொண்டே இருந்ததால் அது கண்ணில் படவில்லை. விலையேற்றத்தைத் தீபாவளி போனஸ் மாதிரி எடுத்துச் செலவழித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் குறை சொல்வது இந்த ஒரு பழக்கத்தைத்தான். இப்படித் திருப்பி வைக்கிற குடும்பங்களை இந்த இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "நகை அங்கேதானே சார் இருக்கு!"

தங்கம் இறங்காதா? 2012 கடைசியில் இருந்த விலையை அது 2018 வரை பெரிதாகத் தாண்டவே இல்லை. நடுவில் நன்றாகவே இறங்கியும் இருக்கிறது. உங்கள் நகையில் கல், அரக்கு கழிந்து நிகர எடை ஒன்பதரை பவுன் என்று சீட்டில் இருக்கிறது. பவுனுக்கு 90,000 என்று வைத்தால் மதிப்பு எட்டரை லட்சம். அதில் 75% வரைதான் கடன், அதாவது சுமார் 6.4 லட்சம். அடுத்த தீபாவளிக்குள் விலை 15% இறங்கிவிட்டது என்று வையுங்கள். மதிப்பு 7.2 லட்சம், கிடைக்கும் கடன் 5.4 லட்சம். நீங்கள் அடைக்க வேண்டியதோ வட்டியோடு 6.38 லட்சம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாயைக் கையிலிருந்து கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கிருந்து? போதாக்குறைக்கு, ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். வட்டியைக் கட்டிய பிறகுதான் இதுபோன்ற கடனைப் புதுப்பிக்க முடியும். நீங்கள் செய்துவந்த வித்தைக்கு எப்படியும் முடிவு வந்துவிட்டது.

ஆகவே நாத்தனார் வீட்டுக்காரருக்கு 3 லட்சம் என்பது பேச்சுக்கே இடமில்லை. போன தீபாவளிக்குக் கைக்கு வந்த 85,000-ல் 80,000 அவர் கைக்குத்தான் போயிருக்கிறது, திரும்பவில்லை. இதை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். புது வீடு கட்டினவனிடம் காசு இருக்கும் என்று உறவு நினைக்கும். உண்மையில் அந்த வருடம்தான் அவனிடம் துளியும் இருக்காது. "இல்லை" என்று சொல்ல உங்கள் கணவருக்கு நாக்கு வரவில்லை என்றால், இந்த வருடச் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டச் சொல்லுங்கள். "இதுக்கு மாசம் 4,800 ரூபாய் வட்டி ஓடுது மச்சான்" என்றால் போதும். லோடு ஆட்டோவுக்கு வாகனக் கடன் இருக்கிறது, அவரே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் அதுவும் வேண்டாம். மனசு கேட்காவிட்டால் வண்டி பூஜையன்று ஐயாயிரம் மொய்யாக வைத்துவிட்டு வாருங்கள். மொய் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

டாப்-அப், அதாவது வீட்டுக் கடன் மேலேயே கூடுதல் கடன்: நகைக்கடனை அடைக்க என்று ஆறு லட்சத்தை 9%-க்கு 15 வருடம் போட்டால் தவணை ஆறாயிரம்தான், இனிக்கும். வட்டி மட்டும் ஐந்து லட்சத்தைத் தொடும். கடந்து போங்கள்.

டிஜிட்டல் தங்கத்தைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. உங்கள் சொந்தத் தங்கத்துக்கு 10% வட்டி கட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் புதுத் தங்கம் வாங்குவதா? வாங்கும்போது 3% ஜி.எஸ்.டி., அதற்கு மேல் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். இந்த வகை டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் மிச்சமிருந்தால் அதை அடகுக் கணக்கில் கட்டுங்கள். அதைவிட நல்ல தங்கச் சேமிப்பு உங்கள் வீட்டுக்கு இப்போது கிடையாது.

சரி, என்ன செய்வது? நான் சொல்வது பிடிக்காமல் போகலாம். பத்து பவுனில் நான்கை விற்றுவிடுங்கள்.

அம்மா வீட்டுச் சீர், தெரியும். ஆனால் இரண்டு வருடமாக அதை நீங்கள் கழுத்தில் பார்க்கவில்லை. நான்கைக் கொடுத்தால் ஆறு வீட்டுக்கு வரும். கொடுக்காவிட்டால் பத்தும் அங்கேயே இருக்கும்.

ஒரே நாளில் முடியாது, படிப்படியாகத்தான் வரும். இன்வெர்ட்டரும் துணி உலர்த்தும் மெஷினும் வாங்க கணவரின் போனஸ் 80,000-த்தை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பதெல்லாம் சரி. தை பிறந்தால் துணி மொட்டை மாடியில் காயும். அதுவரை ஹாலில் கயிறு கட்டி ஃபேனைப் போடுங்கள். ரப்பர் மரச் சோபா மேல் ஈரப் பாவாடை தொங்கினால் புது வீட்டின் மானம் போய்விடாது. அந்தப் போனஸில் 70,000-த்தை வங்கியில் கட்டினால் கடன் 5.1 லட்சம் ஆகும். எட்டு பவுனே அதற்கு ஈடாகப் போதும், இரண்டு பவுனை மட்டும் விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கணக்கில் முடியாது என்றால் இரண்டு கணக்காகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு பவுனை விற்றால் சேதாரம், உருக்குக் கழிவு போக 1.7 லட்சம் வரும். அதையும் கட்டினால் கடன் 3.4 லட்சம். இன்னொரு இரண்டு பவுன் வெளியே வரும். விற்றுக் கட்டினால் மிச்சக் கடன் 1.7 லட்சம், ஈடு ஆறு பவுன்.

உங்கள் தாளின்படி மாதம் மிச்சம் 8,000 ரூபாய். டி.வி., சோபாவுக்குப் போகும் 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ. 8,400 மார்ச்சோடு முடிகிறது. (நோ காஸ்ட் என்றால் காசு இல்லை என்று பொருளல்ல. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி வட்டிக்குப் போகிறது, அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. தனி. வாங்கியாயிற்று, விடுங்கள். முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்காதீர்கள்.) இப்போதிலிருந்து 8,000, ஏப்ரலிலிருந்து 16,000 என்று நகைக் கணக்கில் கட்டிவந்தால் 2027 பொங்கல் வாக்கில் ஆறு பவுனும் வீட்டுக்கு வந்துவிடும்.

வரி உண்டா? உண்டு, ஆனால் சிறிது. நகை உங்களுடையது, ஆகவே லாபமும் உங்கள் பெயரில்தான் வரும். நகை வாங்கிய 2012-ல் பவுன் சுமார் 22,000. நான்கு பவுன் விற்ற 3.4 லட்சத்தில் லாபம் இரண்டரை லட்சம். உங்கள் சம்பளம் புதிய வரி முறையின் 4 லட்ச வரம்புக்குக் கீழே இருப்பதால், சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) போக 1.87 லட்சம் இடம் காலியாக இருக்கிறது. மீதி 63,000-க்கு 12.5%, அதாவது எட்டாயிரம் சொச்சம். விற்பது இரண்டும் இந்த மார்ச்சுக்குள் முடிந்தால் ஒரே வருடக் கணக்காகிவிடும். ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.

விற்கும்போது முதலில் வளையலை எடுங்கள், கல் வைத்த நெக்லஸை அல்ல. கல்லுக்கு எடை கழிப்பார்கள், கல்லுக்கு விலையும் தர மாட்டார்கள். 2012 நகை, ஹால்மார்க் இல்லாமல் இருக்கலாம். இரண்டு கடையில், தங்கத்தின் தரம் காட்டும் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்து, எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் வீட்டுக்குச் செய்தி போய்விடும்.